வடசென்னையில் குடியை நிறுத்தும் கூட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு

காசிமேட்டில் எனக்கு போட் இன்ஜின் மெக்கானிக் வேலை. வீடு தண்டையார்பேட்டை. பத்தொன்பது வருஷம் குடித்தேன். விட்டு ஏழு வருஷம் ஆகிறது. என் நம்பர் எப்படியோ கைமாறிக் கைமாறிப் போய், மாதத்தில் இரண்டு மூன்று பேராவது கூப்பிட்டு, "அண்ணே, அந்த மீட்டிங் எங்க நடக்குது?" என்று கேட்கிறார்கள். பாதிப் பேர் குடிக்கிறவர்கள். மீதிப் பேர் அவர்களுடைய மனைவி, அக்கா, அம்மா. போனில் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பெயர் போடவில்லை. எங்கள் கூட்டத்து வழக்கம் அது.

நான் சொல்வது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றி. எல்லோரும் ஏ.ஏ. என்பார்கள். பெயர் சொல்லிக்கொள்ளாத குடிநோயாளிகள் என்று பொருள். குடித்துக் கெட்டவர்களே ஒன்றாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் கூட்டம். டாக்டர் கிடையாது, பிரசங்கம் கிடையாது, கட்டணம் கிடையாது. சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்றுகூட இல்லை.

கூட்டத்தைத் தேடும்போது எல்லோரும் முதலில் பார்ப்பது தூரம். வீட்டுப் பக்கத்தில் எது இருக்கிறது என்று கேட்பார்கள். நான் நேரத்தைப் பார்க்கச் சொல்வேன். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அந்தப் பத்து மணி நேரத்தில் உங்கள் நேரம் எது என்று உங்களுக்கே நன்றாகத் தெரியும். எனக்கு அது மாலை ஆறே முக்கால். கையில் இருக்கிற டீசல் பிசுக்கை சோப்புத் தூள் போட்டுக் கழுவும்போதே கால் கடைப் பக்கம் திரும்பிவிடும். அந்த ஆறே முக்காலில் இருந்து எட்டரை வரைக்கும் யாராவது என்னை எங்காவது உட்கார வைத்துவிட்டால் அன்றைக்குத் தப்பித்தேன். அப்புறம் பசி வந்துவிடும். சாப்பிட்டால் தூக்கம் வந்துவிடும். பெரும்பாலான கூட்டங்கள் சாயங்காலம்தான் தொடங்கும், ஒன்று ஒன்றரை மணி நேரம் நடக்கும். பக்கத்துத் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கிற கூட்டத்தைவிட, இரண்டு பஸ் மாறிப் போனாலும் உங்கள் நேரத்தில் நடக்கிற கூட்டம்தான் உங்களுக்கு உதவும். பஸ்ஸில் போகிற நேரமும் குடிக்காத நேரம்தானே.

முதலில் ஆஸ்பத்திரி

இதைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். தினமும் குடிக்கிற ஆள், காலையில் எழுந்ததும் கை நடுங்கி, அதை அடக்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிற ஆள், வைராக்கியமாக ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. உயிருக்கு ஆபத்து. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளில் இருந்து நாலாம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத ஆள் எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம். என்னோடு வேலை செய்த ஒரு தம்பி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டு அன்றோடு குடியை நிறுத்தினான். மறுநாள் மத்தியானம் போட் தளத்திலேயே வலிப்பு வந்து விழுந்தான். கறுப்பு வேட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். வலிப்பு, குழப்பம், காய்ச்சல் என்று எதைப் பார்த்தாலும் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. அங்கே மனநலப் பிரிவு உண்டு. காலையில் போய் ஓ.பி. சீட்டு வாங்கி, குடியை நிறுத்த வேண்டும் என்று சொன்னால் போதும். கீழ்ப்பாக்கத்தில் 1794-ல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனையிலும் போதை மறுவாழ்வுச் சிகிச்சை இருக்கிறது. கீழ்ப்பாக்கம் என்றாலே நம்ம ஊரில் கிண்டல் செய்வார்கள். அந்தக் கிண்டலுக்குப் பயந்து நான் இரண்டு வருஷம் வீணாக்கினேன். டாக்டர்கள் நடுக்கத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை கொடுத்து, பி1 விட்டமின் போட்டு, உடம்பில் இருந்து சரக்கு இறங்கும் அந்த ஒரு வாரத்தைப் பத்திரமாகக் கடத்திவிடுவார்கள். அதற்கு அப்புறம் வருகிற நாட்களுக்குத்தான் கூட்டம்.

எங்கே கேட்பது

ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும் இந்தக் கூட்டங்களைத் தெரிந்திருக்கும். குடிநோய் வார்டுகளுக்கு ஏ.ஏ. ஆட்களே போய்ப் பேசுவது ரொம்ப நாளாக நடக்கிறது. நான் அப்படித்தான் முதல் முறை அந்தப் பெயரைக் கேள்விப்பட்டேன். கட்டிலில் படுத்தபடி, அரைக் காதில்.

14446 என்பது போதைப் பழக்கத்துக்காக மத்திய அரசு நடத்தும் இலவச எண். மதுவுக்கும் அதில் உதவி கேட்கலாம். மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிற ராத்திரிகளில் 14416-ஐக் கூப்பிடலாம். டெலி மானஸ் என்று பெயர். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர் வாரியாகக் கூட்டங்களைத் தேடலாம். போன் பார்க்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், உட்கார வைத்துத் தேடச் சொல்லுங்கள். எனக்குத் தேடிக் கொடுத்தது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த என் மகள்.

நம்ம பக்கத்தில் கூட்டம் நடக்கிற இடங்கள் பலவும் சர்ச் வளாகத்து அறைகளும் பள்ளிக்கூட வகுப்பறைகளும்தான். பள்ளிக்கூடம் விட்ட பிறகு, சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சர்ச்சில் நடந்தால் சர்ச் நடத்துகிறது என்று நினைத்துவிடாதீர்கள். இடம் மட்டும் அவர்களுடையது. வாடகையைக் குழுவே கொடுத்துவிடும். என் அம்மா, "மதம் மாத்தப் போறாங்கடா" என்று ஒரு வாரம் சோறு போடாமல் சண்டை போட்டார்கள். இப்போதும் நெற்றியில் விபூதியோடுதான் போகிறேன். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. தொழுகை முடித்துவிட்டுத் தொப்பியோடு வருகிற பாயும் எங்கள் குழுவில் இருக்கிறார். குடியில் இருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழிக்குப் பன்னிரண்டு படிகள் என்று பெயர். அதில் மேலான ஒரு சக்தியைப் பற்றி வரும். அதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம். சாமி இல்லை என்கிறவரும் வந்து உட்காரலாம்.

முகவரி கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள்

நான் செய்த தப்பு இது. மகள் தேடித் தந்த ஒரு முகவரியை எடுத்துக்கொண்டு, ஒரு புதன்கிழமை, வேலையில் பாதியில் சொல்லிக்கொண்டு, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். கதவில் பூட்டு. கூட்டம் வேறு கிழமைக்கு மாறிப் பல மாதம் ஆகியிருந்ததாம். பக்கத்துப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார். மணி ஏழு. குளித்திருக்கிறேன், நல்ல சட்டை போட்டிருக்கிறேன், பையில் காசு இருக்கிறது. எங்கே போயிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். அன்றைக்குக் குடித்த அளவு அந்த மாதத்திலேயே அதிகம்.

அதனால் கட்டாயம் போன் செய்யுங்கள். அதுவும் காலையில், தெளிவாக இருக்கும்போது. இன்று கூட்டம் உண்டா, எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று கேளுங்கள். தமிழில் நடக்கிறதா என்று கேளுங்கள். சென்னையில் ஆங்கிலக் கூட்டங்களும் உண்டு. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா என்றும் கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு மனைவியையோ நண்பரையோ கூட்டிப் போகலாம். மூடிய கூட்டம் குடிப் பிரச்சினை இருப்பவர்களுக்கு மட்டும். கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவு எழுதுகிறேன்: "வாசல்ல யாராவது நிக்க முடியுமாண்ணே?" என்று கேளுங்கள்.

ஏனென்றால் இரண்டாவது முறை எனக்குக் கதவு திறந்துதான் இருந்தது. மாடியில் விளக்கு எரிந்தது. பேச்சுச் சத்தம் கேட்டது. படிக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. எண்ணிப் பார்த்தேன், பதினான்கு ஜோடி. என்னால் பதினைந்தாவதாக விட முடியவில்லை. தெரிந்தவன் எவனாவது இருப்பானோ, குடிகாரன் என்று முத்திரை விழுந்துவிடுமோ என்று பயம். தெரு முழுக்க விழுந்து கிடந்தபோது பார்க்காத ஆள் இல்லை, அப்போது வராத வெட்கம் அந்தப் படிக்கட்டில் வந்தது. திரும்பிவிட்டேன்.

மூன்றாவது முறை போனில் கேட்டேன். எதிர்முனையில் இருந்தவர் யோசிக்கவே இல்லை. "எந்த ஸ்டாப்புல இறங்குவ? என்ன சட்டை? நான் மஞ்சப் பையோட நிக்கிறேன்" என்றார். நின்றார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. டீக்கடைக்குக் கூட்டிப் போய் இரண்டு டீ சொன்னார். எனக்கு வந்த டீயை அவரே எடுத்து, இன்னொரு காலி கிளாஸ் கேட்டு வாங்கி, பாதியை அதில் ஊற்றிவிட்டு, அரை கிளாஸை என்னிடம் நீட்டினார். நிரம்பிய கிளாஸை என்னால் சிந்தாமல் தூக்க முடியாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதெல்லாம் நாசில் பைப்பில் நட்டை மரை பிடிக்க வைக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆகும். கையாள் பையனிடம், கண்ணில் டீசல் தெறித்துவிட்டது என்று பொய் சொல்லி அவனைப் போடச் சொல்வேன். என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாத விஷயம் அது. அந்தப் பெரியவர் ஒரு டீயில் கண்டுபிடித்துவிட்டார். அவரோடு படியேறுவது கஷ்டமாக இல்லை.

இந்த இயக்கம் ஆரம்பித்ததே இப்படி ஒரு போனில்தான். 1935 மே மாதம். அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊர். பில் என்பவர் குடியை நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தது. வேலை விஷயமாக வந்த இடத்தில் தோல்வி. ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் பாரில் இருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் போன், பக்கத்தில் ஊர்ச் சர்ச்சுகளின் பட்டியல். பார் பக்கம் போகாமல் போனை எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று விசாரித்தார். அப்படிச் சந்தித்தவர்தான் டாக்டர் பாப். பதினைந்து நிமிஷம்தான் பேசுவேன் என்று வந்த டாக்டர் பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாக வைத்திருக்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும்

பதிவேடு இருக்காது. ஆதார் கேட்க மாட்டார்கள். முழுப் பெயர் வேண்டாம், கூப்பிடுகிற பெயர் போதும். ஒருவர் நடத்துவார். சின்னப் பிரார்த்தனை, கொஞ்சம் வாசிப்பு, அப்புறம் ஒவ்வொருவராக, "என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லித் தன் கதையைப் பேசுவார்கள். இதைப் பகிர்வு என்பார்கள். நடுவில் யாரும் குறுக்கிட மாட்டார்கள், பதிலும் சொல்ல மாட்டார்கள். உங்கள் முறை வரும்போது பேச வேண்டாம் என்றால், "இன்னைக்குக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லலாம். நான் முதல் நாலு கூட்டம் அப்படித்தான் சொன்னேன். ஐந்தாவதில் வாயைத் திறந்து அழுதேனே தவிரப் பேசவில்லை. அதற்கும் கைதட்டினார்கள்.

முடிவில் ஒரு பை சுற்றி வரும். இடத்து வாடகைக்கும் டீக்கும் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வந்தவர் போடத் தேவையில்லை. வெளியில் இருந்து நன்கொடை வாங்குவதில்லை. அங்கே கேட்டதும் பார்த்த முகமும் வெளியே போகக் கூடாது. நீங்களும் அதைக் காப்பாற்றுங்கள். மார்க்கெட்டில் பார்த்தால், "என்னப்பா, மீட்டிங் வரலையா?" என்று சத்தமாகக் கேட்டுவிடாதீர்கள்.

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒரு குழு வயசானவர்களாக இருக்கும், இன்னொன்றில் பேச்சு நீளும். ஒரு ஓட்டலில் சாம்பார் சரியில்லை என்றால் சாப்பிடுவதையே விட்டுவிடுவோமா? வேறு குழுவுக்குப் போங்கள். ஆரம்பத்தில் தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம் என்று பழையவர்கள் சொல்வார்கள். அதற்கு ஒரே குழு போதாது, ஒவ்வொரு கிழமையும் எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். நான் தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் ஏழு கிழமை போட்டு, நேரத்துக்கு நேராக இடமும் ஒரு போன் நம்பரும் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். 2021-ல் வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு, திருவொற்றியூர்ப் பக்கம் போய் வருவதும் சுலபமாகிவிட்டது. போகவே முடியாத நாளுக்கு ஆன்லைன் கூட்டம் இருக்கிறது. குழந்தையை விட்டு வர முடியாத பெண்களுக்கும், ஆண்கள் நிறைந்த அறைக்குள் வரத் தயங்குகிற பெண்களுக்கும் அது நல்ல வழி. பெண்கள் குடிப்பதை நம்ம ஊரில் ஒளித்துத்தான் வைக்கிறார்கள். ஒளிக்க ஒளிக்கச் சிகிச்சை தள்ளிப் போகும்.

வரும்போது நாலு பேருடைய நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத நேரத்துக்கு அதுதான் கூட்டம். எங்கள் தொழிலில் ஏப்ரல் 15-இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகிறவர்களுக்கு வேலை இருக்காது, எங்களுக்கு இன்ஜின் பிரிக்கிற வேலை குவியும். அவர்களுக்குப் பொழுது போகாது, எங்கள் கையில் காசு புரளும். இரண்டும் குடிக்கத்தான் கூப்பிடும். வேலை முடிந்த குஷியில் போட்டுக்காரரே பாட்டில் வாங்கி வைப்பார். சாவு வீடு இன்னும் மோசம். ராத்திரி முழுக்க மேளம், பக்கத்தில் கிளாஸ். சாவு வீட்டுக்குக் கிளம்பும் முன்னால் நான் இன்றைக்கும் அந்த நாலு நம்பரில் ஒன்றுக்குப் போன் போட்டு, "மாலை போட்டுட்டு அரை மணி நேரத்துல கிளம்பிடுவேன், கிளம்பினதும் கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

"சபரிமலைக்கு மாலை போட்டா நாப்பத்தெட்டு நாள் தொட மாட்டேனே, நான் எப்படி நோயாளி?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் மூன்று வருஷம் மாலை போட்டேன், மூன்று வருஷமும் சுத்தமாக இருந்தேன். மூன்று முறையும் மலையில் இருந்து திரும்பிய அன்றே குடித்தேன். நிறுத்துவது எனக்கு எப்போதும் முடிந்தது. மறுபடி தொடாமல் இருப்பதுதான் தனியாக முடியவில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு

தங்கச்சி, அம்மா, உங்களுக்கு நாலு விஷயம். ராத்திரி குடித்துவிட்டு வந்திருக்கும்போது பேசாதீர்கள். மறுநாள் காலை, தலை தொங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், கத்தாமல், நேற்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "இன்னைக்கு ஏழு மணிக்கு ஒரு கூட்டம் இருக்கு, நானும் வரேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். திறந்த கூட்டமா என்று முதல் நாளே நீங்கள் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்தது, தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலக்காதீர்கள். டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிரே போகலாம். டாக்டர் சொல்லி, அவருக்கே தெரிந்து சாப்பிட வேண்டிய மருந்து அது. இன்னொன்று, ஆளைக் கட்டித் தூக்கிப் போகும் தனியார் விடுதிகளிடம் கவனமாக இருங்கள். என்னை ஒரு முறை அப்படிக் கொண்டுபோய், நாற்பது நாள் அடி கொடுத்து அனுப்பினார்கள். வெளியே வந்த மூன்றாம் மணி நேரத்தில் குடித்தேன். உரிமம் இருக்கிறதா, டாக்டர் இருக்கிறாரா, வாரம் ஒரு முறையாவது நேரில் பார்க்க விடுவார்களா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள்.

நாலாவது உங்களுக்கே உங்களுக்கு. குடிப்பவரின் குடும்பத்துக்காக அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்மணியும் 1951-ல் தொடங்கியது. அவர் குடியை விடாவிட்டாலும் நீங்கள் போகலாம். என் பெண்டாட்டி நான் நிறுத்துவதற்கு எட்டு மாதம் முன்னாலேயே போக ஆரம்பித்தாள். போய் வந்ததும் அவள் செய்த முதல் மாற்றம், எனக்காகப் போட்டுக்காரரிடம் "காய்ச்சல்ணா" என்று போன் செய்வதை நிறுத்தியது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நானே கூப்பிட்டு, நானே உளறி, அவரிடம் இருந்த வேலை போய், அப்புறம்தான் மகளிடம் அந்த முகவரியைத் தேடச் சொன்னேன்.

நாளைக் காலையில் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டால் பத்து மணிக்கு மறுபடி செய்யுங்கள், வேலைக்குப் போகிற ஆட்கள்தான் அந்தப் போனையும் வைத்திருக்கிறார்கள். எந்த ஸ்டாப்பில் இறங்குவீர்கள், என்ன நிறச் சட்டை என்று சொல்லிவிடுங்கள். மஞ்சள் பைப் பெரியவருக்கு இப்போது முட்டிவலி, ஸ்டாப் வரை நடக்க முடிவதில்லை. அதனால் செவ்வாய்க்கிழமைகளில் நான்தான் போய் நிற்கிறேன்.